ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயர் இருக்கிறது, பிங்கும் போகிறது, ஆனால் சர்வர் மட்டும் கிடைக்கவில்லை

தூங்காவிளக்கு:
வணக்கம். இரண்டு நாளாக மண்டை காய்கிறது, யாராவது கை கொடுங்கள். என்னிடம் மூன்று கணினிகள். ஒன்று திரை உடைந்த பழைய மடிக்கணினி, அதில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, கோப்புகளும் படங்களும் வைக்கிற சர்வராக ஓட்டுகிறேன். இரண்டாவது நான் தினமும் வேலை செய்கிற கணினி, அதுவும் டெபியன்தான். மூன்றாவது விண்டோஸ் மடிக்கணினி. எல்லாம் வைஃபையில். இத்தனை நாள் சர்வரை 192.168.1.20 என்று எண் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சரி, பெயர் வைத்துக் கூப்பிடலாமே என்று ஆசைப்பட்டதுதான் தப்பு.

சர்வருக்குக் கிடங்கு என்று பெயர், என் கணினிக்கு மேசை. (கணினியில் ஆங்கில எழுத்தில்தான் வைத்திருக்கிறேன், இங்கே படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று தமிழில் எழுதுகிறேன். கட்டளைகளும் அப்படியே.) சர்வரில் ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளை போட்டுப் பெயரை மாற்றினேன். மாற்றியதும் சுடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டுவது) அடிக்கும்போதெல்லாம் "இந்தப் பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை" என்று முணுமுணுத்தது. தேடிப் பார்த்து, எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று எழுதி வைக்கிற /இடிசி/ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.1.1 வரியில் இருந்த பழைய பெயரை எடுத்துவிட்டுக் கிடங்கு என்று போட்டேன், முணுமுணுப்பு நின்றது. மேசையிலும் ஹோஸ்ட்ஸ் கோப்பைச் சரி செய்துவிட்டேன். அப்புறம் எங்கெல்லாம் எண் இருந்ததோ அங்கெல்லாம் பெயரைப் போட்டேன், படங்களைக் காட்டும் வலைச் செயலியின் கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு) உட்பட.

இப்போது நிலவரம்: மேசையிலிருந்து பிங் கிடங்கு (இருக்கிறாயா என்று தட்டிப் பார்ப்பது) என்றால் பதில் வருகிறது. வலை வழியாக இன்னொரு கணினிக்குள் நுழைகிற எஸ்எஸ்ஹெச்சும் போகிறது, நேற்றுகூட உள்ளே போய் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த 2019 படங்களை அழித்தேன் (மேசையில் இன்னொரு பிரதி இருக்கிறது). ஆனால் உலாவியில் கிடங்கு:8080 என்று போட்டால் இணைப்பு மறுக்கப்பட்டது என்கிறது. பழையபடி எண் போட்டாலும் இப்போது மறுக்கிறது! பெயருக்கு முகவரி விசாரிக்கிற டிக் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது. பிங்குக்குத் தெரிகிற பெயர் டிக்குக்கு ஏன் தெரியவில்லை? கூடவே இப்போது மேசையிலும் சுடோ முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. விண்டோஸில் பெயர் சுத்தமாக வேலை செய்யவில்லை.

அரைகுறை:
ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

தூங்காவிளக்கு:
போட்டாயிற்று. இரண்டு முறை.

கம்பிவலை:
டிக் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், ஏனென்றால் இதில் விழாதவர்களே இல்லை. டிக், என்எஸ்லுக்அப் இரண்டும் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்ப்பதே கிடையாது. அவை நேராக டிஎன்எஸ் சர்வரிடம், அதாவது வலையில் பெயருக்கு முகவரி சொல்கிற சர்வரிடம், போய்க் கேட்கிற கருவிகள். உங்கள் டிஎன்எஸ் சர்வருக்குக் கிடங்கு யாரென்று தெரியாது, தெரியாது என்று சொல்கிறது, அதில் பொய் ஒன்றும் இல்லை.

பிங், எஸ்எஸ்ஹெச், உலாவி மாதிரியான சாதாரண நிரல்கள் எல்லாம் பெயரைத் தூக்கி சி நூலகத்திடம் (நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்துகிற நிரல்தொகுப்பு) கொடுத்து முகவரி வாங்கித் தா என்கின்றன. அந்த நூலகம் /இடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் என்ற கோப்பைத் திறந்து, ஹோஸ்ட்ஸ் என்று ஆரம்பிக்கும் வரியில் என்ன வரிசை எழுதியிருக்கிறது என்று பார்க்கும். பெரும்பாலும் ஃபைல்ஸ் முதலில், டிஎன்எஸ் கடைசியில். ஃபைல்ஸ் என்றால் நம் ஹோஸ்ட்ஸ் கோப்பு. அங்கே பெயர் கிடைத்துவிட்டால் தேடல் அதோடு முடிந்தது, டிஎன்எஸ் பக்கம் போகவே போகாது. ஆகவே உங்கள் நிரல்களுக்கு உண்மையில் என்ன பதில் கிடைக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் டிக் வேண்டாம், கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் கிடங்கு என்று அடியுங்கள். அது அதே வரிசையில் போய்த் தேடும்.

இப்போது மூன்று விஷயங்களை அப்படியே ஒட்டுங்கள். இரண்டு கணினிகளின் ஹோஸ்ட்ஸ் கோப்பு, மேசையிலிருந்து பிங் கொடுத்தால் வருகிற முழு வரி. "சரி செய்துவிட்டேன்" என்று சொல்வதை நான் நம்புவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள், என்னை நானே நம்புவதில்லை.

தூங்காவிளக்கு:
கிடங்கு:

127.0.0.1   லோக்கல்ஹோஸ்ட்
127.0.1.1   கிடங்கு

மேசையிலும் அதேதான். பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வந்து அப்படியே மேலே போட்டுவிட்டேன், இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா.

பிங் பதில்: 127.0.1.1 முகவரியிலிருந்து 64 பைட், நேரம் 0.04 மில்லிநொடி. எல்லா வரியும் இதே மாதிரி, ஒன்றுகூடத் தவறவில்லை.

நள்ளிரவுநிர்வாகி:
வைஃபையில் 0.04 மில்லிநொடி. அவ்வளவு வேகமான வைஃபை எங்கே கிடைக்கிறது, எனக்கும் ஒன்று வேண்டும்.

கம்பிவலை:
நீங்கள் உட்கார்ந்திருக்கிற கணினியையே நீங்கள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

127 என்று ஆரம்பிக்கிற அத்தனை முகவரிகளும், 127.0.0.1 மட்டுமல்ல, மொத்தத் தொகுதியும் லூப்பேக். கேட்கிற கணினியை விட்டு ஒரு பைட்கூட வெளியே போகாது. அதாவது 127.0.1.1 என்றால் "நான்" என்று அர்த்தம். சர்வரின் கோப்பில் "நான் = கிடங்கு" என்று எழுதியிருந்தால் அது உண்மை. அதே வரியை மேசையில் கொண்டுபோய் ஒட்டினால் மேசை "நான்தான் கிடங்கு" என்று சொல்ல ஆரம்பித்துவிடும். உங்கள் பிங்குக்குப் பதில் சொன்னது மேசை. எஸ்எஸ்ஹெச் கதவைத் திறந்ததும் மேசைதான், அதிலும் எஸ்எஸ்ஹெச் சர்வர் ஓடுகிறது, இரண்டிலும் ஒரே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 8080 மறுக்கப்பட்டதற்கும் அதே காரணம், மேசையில் அந்தச் செயலியே கிடையாது. சுடோ முணுமுணுப்பதும் அதனால்தான், மேசை என்ற பெயர் இருந்த வரியை நீங்கள் மேலே எழுதி அழித்துவிட்டீர்கள், பாவம் அது தன் பெயரையே தேடிக்கொண்டிருக்கிறது.

உள்ளே நுழைந்தபோது கட்டளை அடிக்கிற இடத்துக்கு முன்னால் வருகிற ப்ராம்ப்டில் மேசை என்று வந்திருக்குமே, கவனிக்கவில்லையா?

அப்புறம் இன்னொன்று. அந்த 2019 படங்கள்.

தூங்காவிளக்கு:
ஐயோ.

ப்ராம்ப்டில் கணினிப் பெயரை நான்தான் எடுத்துவிட்டேன், நீளமாக இருக்கிறதென்று அடைவுப் பெயர் மட்டும் வரும்படி மாற்றி வைத்திருக்கிறேன். முதல் தடவை எஸ்எஸ்ஹெச் போட்டபோது இந்தக் கணினியின் சாவியை நம்பலாமா என்று கேட்டது, ஆமாம் என்று அடித்தேன். யார் சார் அதைப் படிக்கிறார்கள்.

இரண்டு கணினியிலும் அடைவுப் பாதை ஒன்றேதான். அப்படியானால் நான் அழித்தது மேசையில் இருந்த பிரதியையா??

முனையம்:
பதறாதீர்கள். இரண்டே விஷயம். ஒன்று, மேசையின் வட்டில் இனி எதையும் எழுதாதீர்கள், எதையும் நிறுவாதீர்கள். இரண்டு, பெயரைப் பயன்படுத்தாமல் 192.168.1.20 என்று எண் போட்டு எஸ்எஸ்ஹெச் போங்கள். போனதும் முதலில் ஹோஸ்ட்நேம் என்று அடித்துப் பதில் கிடங்கு என்று வருகிறதா என்று பாருங்கள். அதன் பிறகு அந்த அடைவைத் தேடுங்கள். நீங்கள் சர்வரில் அழிக்கவே இல்லை என்றால் அது அங்கே அப்படியே இருக்க வேண்டும்.

தூங்காவிளக்கு:
இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. 4,312 கோப்புகள். உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டேன். ஆர்சிங்க் போட்டு மேசைக்குத் திரும்ப நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன், எண் போட்டுத்தான்.

சரி, இப்போது கோப்புகளில் என்ன எழுத வேண்டும் என்று சொல்லுங்கள். கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறேன்.

கம்பிவலை:
மேசையில்:

127.0.0.1   லோக்கல்ஹோஸ்ட்
127.0.1.1   மேசை
192.168.1.20   கிடங்கு

127 வரிகள் அந்தந்தக் கணினியின் சொந்த விஷயம், அவற்றை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. மற்றக் கணினிகளைக் குறிக்கிற வரிகளைத் தாராளமாக நகல் எடுக்கலாம். லோக்கல்ஹோஸ்ட் வரியையும், ஐபிவி6-க்கான ::1 வரி இருந்தால் அதையும் தொடவே வேண்டாம், எத்தனையோ நிரல்கள் அதை நம்பி ஓடுகின்றன.

எழுதும்போது முகவரி முதலில், பெயர் அடுத்து, நடுவில் இடைவெளி அல்லது டேப். ஒரே முகவரிக்கு இன்னும் பெயர்கள் வேண்டுமானால் அதே வரியில் பின்னால் சேர்த்துக்கொண்டே போகலாம். # போட்டால் அதற்குப் பிறகு குறிப்பு. போர்ட் எண் (8080 மாதிரி) போட இடம் கிடையாது, முன்னால் ஹெச்டிடிபி எல்லாம் போடக் கூடாது, நட்சத்திரக் குறி போட்டு எல்லாத் துணைப் பெயர்களையும் ஒரே வரியில் பிடிக்கவும் முடியாது. பெயரில் எழுத்து, எண், சிறு கோடு மட்டும், அடிக்கோடு வேண்டாம். கோப்பைச் சேமித்த நொடியே அமலுக்கு வந்துவிடும், மறுதொடக்கம் எல்லாம் தேவையில்லை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற சில நிரல்கள் பழைய பதிலை மனதில் வைத்திருக்கும், அவற்றை மட்டும் மூடித் திறந்தால் போதும்.

இன்னொன்று முக்கியம். 192.168.1.20 என்பது ரவுட்டர் டிஹெச்சிபி வழியாக, அதாவது தானாகவே, கொடுத்த முகவரி என்றால் நாளைக்கே அது வேறொன்றாக மாறலாம், அன்றைக்கு உங்கள் ஹோஸ்ட்ஸ் வரி பொய்யாகிவிடும். ரவுட்டரின் அமைப்புகளில் அந்தக் கணினியின் மேக் முகவரிக்கு (வலை வன்பொருளின் அடையாள எண்) இந்த எண்ணை நிரந்தரமாக ஒதுக்கி வையுங்கள்.

நள்ளிரவுநிர்வாகி:
அந்தக் கடைசிப் பத்தியோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஹோஸ்ட்ஸில் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் # போட்டு ஏன் எழுதினேன், எப்போது எழுதினேன் என்று ஒரு வார்த்தை. முன்பு வேலை பார்த்த இடத்தில் இணையதளத்தைப் புதிய சர்வருக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்க என் கணினியின் ஹோஸ்ட்ஸில் ஒரு வரி போட்டேன். மாற்றம் முடிந்தது, வரியை எடுக்க மறந்துவிட்டேன். சில மாதம் கழித்து அந்தச் சர்வரையும் விட்டு வேறொன்றுக்குப் போனார்கள். எல்லோரும் பக்கம் மாறிவிட்டது என்கிறார்கள், எனக்கு மட்டும் பழைய பக்கமே வருகிறது. உலாவியின் கேஷை (அது சேமித்து வைத்த பழைய பதில்களை) அழித்தேன், டிஎன்எஸ் கேஷை அழித்தேன், டிக் போட்டேன், டிக் சரியான முகவரியைத்தான் காட்டியது, அது இன்னும் குழப்பியது. அரை நாள் போன பிறகுதான் நானே எழுதிய வரி ஞாபகம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

தூங்காவிளக்கு:
மேசையின் கோப்பை நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன். சுடோ அமைதியாகிவிட்டது. கெட்என்ட் 192.168.1.20 என்கிறது. பிங் 3 முதல் 6 மில்லிநொடி, இப்போதுதான் வைஃபை மாதிரி இருக்கிறது. எஸ்எஸ்ஹெச் நிஜமாகவே சர்வருக்குப் போகிறது, ஹோஸ்ட்நேம் அடித்துப் பார்த்தேன், இனிமேல் எப்போதும் அடித்துப் பார்ப்பேன்.

ஆனால் 8080 இன்னமும் மறுக்கிறது. எண் போட்டாலும்தான். பெயர் மாற்றுவதற்கு முன்னால் எண் போட்டால் வந்துகொண்டிருந்ததே!

முனையம்:
சர்வருக்குள் போய் எஸ்எஸ் -எல்டிஎன் என்று அடித்து 8080 இருக்கிற வரியைக் காட்டுங்கள். எந்த முகவரியில் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தூங்காவிளக்கு:
127.0.1.1:8080

முனையம்:
நினைத்தேன். உங்கள் முதல் பதிவிலேயே பதில் இருக்கிறது, "எங்கெல்லாம் எண் இருந்ததோ அங்கெல்லாம் பெயரைப் போட்டேன்". செயலியின் கான்ஃபிக்கில் 192.168.1.20:8080 என்று இருந்ததைக் கிடங்கு:8080 என்று மாற்றியிருக்கிறீர்கள். செயலி எழுந்ததும் கிடங்கு யார் என்று சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பைக் கேட்கிறது, அது 127.0.1.1 என்கிறது, செயலியும் சரி என்று லூப்பேக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. சர்வருக்குள்ளேயே இருந்து யாராவது கதவைத் தட்டினால் திறக்கும், வெளியிலிருந்து தட்டினால் அந்தப் பக்கம் கதவே இல்லை, அதனால்தான் உடனே மறுப்பு. இணைப்புகளைத் தடுக்கிற ஃபயர்வால் பேசாமல் விழுங்கியிருந்தால் ரொம்ப நேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுத்தான் தோற்கும். உடனே மறுத்தால் கணினி இருக்கிறது, அந்த முகவரியில் அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. பல கணினிகளைக் கோத்து ஓட்டுகிற ஹடூப் மாதிரியான அமைப்புகளில் இதே 127.0.1.1 வரியால் ஒரு கணினி மற்றதைப் பார்க்க முடியாமல் நின்றுபோவது பழைய கதை. தன் பெயரைக் கேட்டுத் தன் முகவரியைத் தெரிந்துகொள்ள நினைக்கிற எந்த நிரலும் இதில் மாட்டும்.

பழங்கணினி:
என் வழக்கம் சொல்கிறேன். சர்வரில் அந்த 127.0.1.1 வரியையே எடுத்துவிட்டு 192.168.1.20 கிடங்கு என்று எழுதிவிடுவேன். டெபியன் அந்த 127.0.1.1 வரியைப் போடுவதே நிரந்தர முகவரி இல்லாத கணினிகளுக்காகத்தான், வலைத் தொடர்பே இல்லாதபோதும் கணினியின் சொந்தப் பெயருக்கு ஏதோ ஒரு முகவரி இருக்க வேண்டும் என்பதற்காக. நிரந்தர முகவரி இருந்தால் அதையே எழுது என்று அவர்கள் கையேடே சொல்கிறது. அப்படி எழுதிவிட்டால் கிடங்கு என்ற பெயருக்கு எல்லாக் கணினியிலும் ஒரே அர்த்தம். கேட்கிற இடத்தைப் பொறுத்துப் பெயரின் அர்த்தம் மாறினால் அது என்ன பெயர்?

முனையம்:
கம்பியில் கட்டிய சர்வராக இருந்தால் ஒத்துக்கொள்வேன். இது வைஃபை. மின்சாரம் போய் வந்தால் ரவுட்டர் எழுவதற்குள் மடிக்கணினி எழுந்துவிடும், செயலி 192.168.1.20-இல் உட்காரப் பார்க்கும், அந்த முகவரி இன்னும் கணினிக்கே வந்திருக்காது, அப்படி ஒரு முகவரி என்னிடம் இல்லை என்று இயங்குதளத்தின் மையமான கெர்னல் சொல்லும், செயலி செத்துப்போகும். காலையில் எழுந்து மறுபடியும் இங்கே வந்து கேள்வி கேட்பார்.

என்னைக் கேட்டால் ஹோஸ்ட்ஸில் 127.0.1.1 அப்படியே இருக்கட்டும், செயலியின் கான்ஃபிக்கில் பெயரும் வேண்டாம் எண்ணும் வேண்டாம், 0.0.0.0:8080 என்று போடுங்கள். எந்த வழியாக வந்தாலும் திற என்று அர்த்தம். பெயர் என்பது கூப்பிடுகிறவர்களுக்கானது. எங்கே உட்கார வேண்டும் என்று சர்வரிடம் சொல்ல அதைப் பயன்படுத்தினால் இப்படித்தான் ஆகும்.

பழங்கணினி:
செயலியை வலைத் தொடர்பு வந்த பிறகுதான் எழுப்ப வேண்டும் என்று, செயலிகளை எழுப்புகிற சிஸ்டம்டியில் சொல்லி வைக்கலாமே. 0.0.0.0 போட்டால் அந்த வலையில் இருக்கிற எல்லோருக்கும் கதவு திறந்துதான் இருக்கும், விருந்தாளியின் கைப்பேசி உட்பட. அதையும் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

முனையம்:
192.168.1.20-இல் உட்கார்ந்தாலும் அதே விருந்தாளிக்குத் திறந்துதானே இருக்கும்? கடவுச்சொல் வையுங்கள். ஆனால் அந்தக் கணினியில் விபிஎன் மாதிரி இன்னொரு வலை இணைப்பும் இருந்தால் நீங்கள் சொல்வது சரி, 0.0.0.0 அந்தப் பக்கமும் திறந்துவிடும்.

தூங்காவிளக்கு:
0.0.0.0 போட்டேன், வேலை செய்கிறது, கடவுச்சொல்லும் இருக்கிறது. பழங்கணினி கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் சோம்பேறி.

இனி விண்டோஸ். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், இடிசி என்று போய் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அதே 192.168.1.20 வரியைச் சேர்த்துச் சேமித்தேன். பிங் போட்டால் பெயர் தெரியவில்லை என்கிறது.

சன்னல்வாசி:
சேமிக்க விட்டதா? நோட்பேடை நிர்வாகி உரிமையோடு திறக்காவிட்டால் அந்த அடைவில் எழுத விடாதே. அனுமதி இல்லை என்று சொன்னதும் டெஸ்க்டாப்பில் சேமித்து அப்புறம் இழுத்துப் போட்டீர்களா?

தூங்காவிளக்கு:
அதேதான் செய்தேன், எப்படித் தெரியும்?

சன்னல்வாசி:
எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். நோட்பேட் தானாகப் பின்னால் .டிஎக்ஸ்டி சேர்த்திருக்கும். கோப்பு நீட்டிப்புகளைக் காட்டு என்று எக்ஸ்ப்ளோரரில் தேர்ந்தெடுத்துவிட்டு அந்த அடைவைத் திறந்து பாருங்கள், ஹோஸ்ட்ஸ் ஒன்று, ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி ஒன்று என்று இரண்டு இருக்கும். விண்டோஸ் படிப்பது நீட்டிப்பே இல்லாத கோப்பை மட்டும்தான். தேவையில்லாததை அழித்துவிட்டு, நோட்பேடை வலது சொடுக்கில் நிர்வாகியாகத் திறந்து, கோப்பு வகை "எல்லாக் கோப்புகளும்" என்று வைத்து அசல் கோப்பைத் திறந்து எழுதுங்கள். பிறகும் பழைய பதிலே வந்தால் கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்.

விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டுகிற டபிள்யூஎஸ்எல் வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று: அதற்குள் இருக்கிற ஹோஸ்ட்ஸ் கோப்பை விண்டோஸ் கோப்பிலிருந்துதான் உருவாக்குகிறது, உள்ளே கையால் எழுதியது அடுத்த தடவை காணாமல் போகும். டபிள்யூஎஸ்எல்.கான்ஃபில் ஜெனரேட்ஹோஸ்ட்ஸை அணைத்தால்தான் நிற்கும்.

குறுக்குவழி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எதற்கு இத்தனை கோப்பு? சர்வரில் அவாஹி என்ற நிரலை நிறுவுங்கள், கிடங்கு.லோக்கல் என்று கூப்பிடுங்கள், முடிந்தது. யாரும் எதையும் எழுத வேண்டாம். எம்டிஎன்எஸ் என்று பெயர், கிடங்கு.லோக்கல் யார் என்று 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353 போர்ட்டில் கூவினால் அந்தப் பெயருள்ள கணினியே கை தூக்கும். முகவரி மாறினாலும் கவலையில்லை. ஆப்பிள் கணினிகளில் 2002-இலிருந்தே உண்டு, விண்டோஸ் 10-இன் பிந்தைய பதிப்புகளுக்கும் தெரியும்.

கம்பிவலை:
நல்ல வழிதான், மூன்று கணினிக்கு அதுவே போதும் என்றுகூடச் சொல்வேன். ஆனால் இரண்டு எச்சரிக்கை. அந்தக் கூவல் ஒரே வலைப்பிரிவுக்குள்தான் கேட்கும், ரவுட்டரைத் தாண்டாது, விருந்தினர் வைஃபையில் இருந்தாலோ, கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து வைக்கிற ரவுட்டராக இருந்தாலோ வேலை செய்யாது. அடுத்து, .லோக்கல் என்ற வால் எம்டிஎன்எஸுக்கென்றே 2013-இல் ஆர்எஃப்சி 6762 என்ற இணையத் தர ஆவணத்தில் ஒதுக்கப்பட்டது. அதை எடுத்து ஹோஸ்ட்ஸிலோ சொந்த டிஎன்எஸ்ஸிலோ போட்டால் சண்டை வரும். பல லினக்ஸ் கணினிகளில் என்எஸ்ஸ்விட்ச் வரியில் எம்டிஎன்எஸ்4_மினிமல் என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், கிடைக்காவிட்டால் அங்கேயே திரும்பிவிடு என்று எழுதியிருக்கும், அதனால் .லோக்கல் பெயர்கள் டிஎன்எஸ் வரை போகவே போகாது. டிஎன்எஸ் சர்வரில் பெயர் சரியாக இருக்கும், டிக் சரியாகச் சொல்லும், பிங் மட்டும் தெரியாது என்னும். உங்கள் முதல் கேள்வியின் தலைகீழ்.

தூங்காவிளக்கு:
அப்போது வால் வைக்க வேண்டுமானால் எதை வைப்பது? .டெவ் என்று வைக்கலாம் என்று எங்கோ படித்தேன்.

பழங்கணினி:
வைக்காதீர்கள்! அது இப்போது நிஜமான மேல்நிலைப் பெயர், கூகுளிடம் இருக்கிறது. வருடக்கணக்காக நிரலாளர்கள் தங்கள் கணினிக்குள் .டெவ் வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், 2017 கடைசியில் குரோம் 63 வந்தது, .டெவ் என்றால் ஹெச்டிடிபிஎஸ் கட்டாயம் என்றது, எல்லோருடைய சோதனைப் பக்கங்களும் ஒரே நாளில் படுத்துவிட்டன. நானும் அதில் ஒருவன்.

வீட்டு வலைக்கென்றே ஹோம்.ஆர்பா என்று ஒன்று 2018-இல் ஆர்எஃப்சி 8375 வழியாக ஒதுக்கியிருக்கிறார்கள், கேட்க அழகாக இல்லை, ஆனால் யாரும் பிடுங்க மாட்டார்கள். 2024-இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கிற ஐகேன் .இன்டர்னல் என்பதையும் தனிப்பட்ட உபயோகத்துக்கு என்று ஒதுக்கிவைத்துவிட்டது. சோதனைக்கு .டெஸ்ட் இருக்கிறது, அது 1999-லேயே ஒதுக்கப்பட்டது.

ஒரு பழங்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள். இணையத்துக்கு முந்தைய ஆர்பாநெட்டில் மொத்த வலைக்கும் ஒரே ஒரு ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்புதான். ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையிலான தகவல் மையம் அதைப் பராமரித்தது. புதிதாகக் கணினி வந்தால் அவர்களிடம் சொல்ல வேண்டும், அவர்கள் கோப்பில் சேர்ப்பார்கள், மற்ற எல்லோரும் அதை இறக்கிக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக இது தாங்கவில்லை, 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். நாம் இன்று திருத்துகிற ஹோஸ்ட்ஸ் கோப்பு அந்தக் காலத்து மிச்சம். தூங்காவிளக்கு பென் டிரைவில் கோப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

குறுக்குவழி:
சரி, அப்படியென்றால் டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய டிஎன்எஸ் சர்வரைப் போட்டுவிடுவதுதான் ஒழுங்கு. ரவுட்டரிலோ சர்வரிலோ ஓட்டினால் அது தன் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் படித்து மற்ற எல்லோருக்கும் டிஎன்எஸ் பதிலாகச் சொல்லும். ஒரே இடத்தில் எழுதினால் போதும், கைப்பேசிக்கும் தெரியும், கைப்பேசியில் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திருத்தவும் முடியாதே. நட்சத்திரக் குறி இல்லாத குறையும் அங்கே தீர்ந்துவிடும்.

நள்ளிரவுநிர்வாகி:
அந்த மடிக்கணினியில் டிஎன்எஸ் ஓட்டினால், அது படுக்கிற அன்றைக்கு வீட்டில் யாருக்கும் இணையமே வராது. மூன்று கணினிக்கு இரண்டு வரி எழுதுவது அவ்வளவு கஷ்டமா? பத்தாகட்டும், அப்போது பார்க்கலாம். அப்புறம் உலாவியில் டிஎன்எஸ்ஸை ஹெச்டிடிபிஎஸ் வழியாகக் கேட்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் அது உங்கள் டிஎன்எஸ்மாஸ்க்கைச் சட்டை செய்யாமல் வெளியே போய்க் கேட்கும், பிங்குக்குத் தெரியும் பெயர் உலாவிக்குத் தெரியவில்லை என்று இன்னொரு இழை ஆரம்பிக்க வேண்டிவரும்.

தூங்காவிளக்கு:
இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நிலவரம் சொல்லி முடிக்கிறேன். விண்டோஸில் ஹோஸ்ட்ஸ்.டிஎக்ஸ்டி இருந்தது, ஒன்றல்ல, இரண்டு, இன்னொன்று போன வருடம் எதற்கோ நான் முயன்று கைவிட்டது. அழித்துவிட்டுச் சரியான கோப்பில் எழுதினேன், கிடங்கு:8080 திறக்கிறது. ரவுட்டரில் 192.168.1.20-ஐ ஒதுக்கி வைத்துவிட்டேன். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் # போட்டுத் தேதி எழுதிவிட்டேன். படங்கள் இப்போதுதான் வந்து முடிந்தன, இரண்டு பக்கமும் எண்ணிப் பார்த்தேன், 4,312. ப்ராம்ப்டில் கணினிப் பெயரைத் திரும்பக் கொண்டுவந்தாயிற்று, சர்வரில் சிவப்பு, மேசையில் பச்சை.

2019 படங்களைச் சர்வரில் அழிக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன்.

அரைகுறை:
கடைசியில் ரவுட்டரை அணைத்துப் போட்டீர்களா இல்லையா?

தூங்காவிளக்கு:
முகவரியை ஒதுக்கிய பிறகு போட்டேன். மூன்றாவது முறை.